ஷேடோ மவுண்டனில் நான்கு ராத்திரி: கிராண்ட் டீட்டனுக்கு எதிரே இலவசக் கூடாரம்

ஜூலையில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் டீட்டன் நேஷனல் பார்க்குக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவானது மே மாதக் கடைசியில். தாமதம்தான். பார்க்குக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது, நாங்கள் பார்த்தபோது வார நாட்களில்கூட ஒரு இடம் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஜாக்சன் ஊரில் ஹோட்டல் தேடினால் ராத்திரிக்கு 300 டாலருக்குக் கீழே எதுவுமே கண்ணில் படவில்லை. அப்போதுதான் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஷேடோ மவுண்டன் பெயரைச் சொன்னார். பார்க்கின் கிழக்கு எல்லையை ஒட்டி ஒரு மலை, அதன் மேல் கூடாரம் போட்டால் மொத்த டீட்டன் வரிசையும் எதிரே தெரியும், வாடகை கிடையாது, முன்பதிவும் கிடையாது என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் அந்த வருடம் எங்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி போய் நான்கு ராத்திரி தங்கினோம். நான், மனைவி, பத்து வயது மகள். இரண்டு அனுபவத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாவது பயணத்தின் அழகை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பினால் நீங்களும் எங்கள் முதல் பயணத்தில்தான் போய் நிற்பீர்கள்.

முதலில் இந்த ஏற்பாடு என்னவென்று கொஞ்சம் விளக்க வேண்டும், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. பார்க்குகள் இன்டீரியர் என்கிற மத்திய அரசுத் துறையின் கீழ் வருபவை, அங்கே இயற்கையைப் பாதுகாப்பதுதான் முதல் வேலை, அதனால் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே தூங்குவதுகூடத் தப்பு, ராத்திரி ரேஞ்சர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். நேஷனல் ஃபாரஸ்ட் என்பது விவசாயத் துறையின் கீழ் 1905ல் உருவான வனத்துறையின் நிலம். மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, வேட்டை, கேம்பிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த காடு. மொத்தம் 154 காடுகள், சுமார் 19 கோடி ஏக்கர். இதில் பெரும்பகுதியில், கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, காசு கொடுக்காமல் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். இதற்குத்தான் டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று பெயர். பிஎல்எம் என்கிற நில மேலாண்மைத் துறையின் நிலங்களிலும் இது உண்டு. பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கலாம், ஆனால் அந்த எண்ணிக்கை காட்டுக்குக் காடு மாறும். மேற்கே இருக்கும் பெரிய மலைப் பார்க்குகள் பலவற்றைச் சுற்றி நேஷனல் ஃபாரஸ்ட்தான் இருக்கிறது. டீட்டனுக்குப் பக்கத்தில் பிரிட்ஜர்-டீட்டன் ஃபாரஸ்ட். ஷேடோ மவுண்டன் அதற்குள் வருகிறது.

இலவசம் என்றால் என்னவெல்லாம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குடிதண்ணீர் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, மேஜை இல்லை, விளக்கு இல்லை, அவசரம் என்றால் ஓடிப்போய்ச் சொல்ல அலுவலகம் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது இடத்தின் எண் எழுதிய ஒரு கம்பம், கல் அடுக்கிய ஒரு நெருப்பு வளையம், கார் நிறுத்த மண் தரை. அவ்வளவுதான்.

சரி, முதல் பயணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். மேலே ஏறும் பாதையில் ஒவ்வொரு கம்பத்துக்குப் பக்கத்திலும் ஒரு கார், ஒரு கூடாரம், அல்லது ஒரு வேன். முக்கால் மணி நேரம் மெதுவாக ஏறி இறங்கிப் பார்த்தோம், ஒன்றுமே காலி இல்லை. இந்தப் பகுதியில் குறித்த இடங்களில் மட்டும்தான் தங்கலாம், இரண்டு கம்பத்துக்கு நடுவில் புல்லாக இருக்கிறதே என்று கூடாரம் போட முடியாது. அப்புறம் போனில் ஒரு கேம்பிங் ஆப்பைத் திறந்து, அருகில் இலவச இடம் என்று புள்ளி வைத்திருந்த ஒன்றைத் தேடிப் போனோம். அங்கே போனால் கேட் பூட்டியிருந்தது, கேம்பிங் கூடாது என்ற பலகை பல வருடம் வெயில் பட்டு வெளுத்துப்போயிருந்தது. அதாவது அந்த இடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள், ஆப்பில் மட்டும் இன்னும் திறந்திருந்தது. கடைசியில் மோரான் என்ற ஊரைத் தாண்டிக் கிழக்கே டோகட்டி பாஸ் என்ற மலைக்கணவாய்ப் பக்கமாக ஓட்டி, ராத்திரி 11 மணிக்கு ஒரு காட்டுப் பாதையின் முகப்பில் நிறுத்தி, காருக்குள்ளேயே உட்கார்ந்தபடி தூங்கினோம். மகள் குளிரில் இரண்டு தடவை எழுந்தாள். அன்றைக்கு நான் இருட்டில் ஓட்டிய விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரோட்டில் எல்க் மான் நின்றிருந்தால் கடைசி நொடியில்தான் பார்த்திருப்பேன்.

அடுத்த வருடம் செய்தது இதுதான்: திங்கள் ராத்திரி இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் தங்கி, செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு ஷேடோ மவுண்டன் அடிவாரத்தில் நின்றோம். காலையில் கிளம்புகிறவர்கள் 8லிருந்து 11க்குள் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மேலே ஏறினால் யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு மூன்றாவது வளைவிலேயே ஒரு இடம் கிடைத்தது. ஒரு பையன் தன் கூடாரத்தின் கடைசி முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான், பத்து நிமிடம் காத்திருந்தோம், இடம் எங்களுடையது. ஆப், அதிர்ஷ்டம், தெரிந்தவர் என்று எதுவும் தேவைப்படவில்லை. வார நாள், காலை நேரம், இவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்தக் காட்சியைப் பற்றி. டீட்டன் மலைகளுக்கு அடிக்குன்றுகள் கிடையாது. கிழக்கு அடிவாரத்தில் ஒரு பெரிய நிலப்பிளவு ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் மேலே எழும்ப, மறுபக்கம் கீழே இறங்க, சமவெளியிலிருந்து சுவர் எழுப்பியது போல மலை 7,000 அடி நேராக ஏறி நிற்கிறது. கிராண்ட் டீட்டன் சிகரம் 13,775 அடி. சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்பது ஒரு மாதிரி. ஷேடோ மவுண்டனில் நீங்களே எட்டாயிரம் அடி உயரத்தில் நிற்பதால் முழு வரிசையும் கண்ணுக்கு நேராக விரிகிறது. கீழே ஆண்டிலோப் ஃப்ளாட்ஸ் புல்வெளி, அதற்கு அந்தப் பக்கம் ஸ்னேக் ஆறு ஓடும் மரக்கோடு, அப்புறம் மலை.

மாலையில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்குகிறது, நிழல் புல்வெளியில் மெதுவாக நகர்ந்து நம் மலையின் மேல் ஏறி வருகிறது. ஆனால் நான் சொல்ல வருவது காலையைப் பற்றி. டீட்டன் நமக்கு மேற்கே இருப்பதால் உதிக்கும் சூரியன் அதன் முகத்தில்தான் முதலில் படுகிறது. ஜூலைக் கடைசியில் 6 மணிக்குச் சற்று முன்னால் எழுந்து கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தேன். துணியின் உள்பக்கம் மூச்சுக்காற்று பட்டு ஈரமாக இருந்தது, கை பட்டதும் சில்லென்று சொட்டியது. வெளியே எல்லாம் சாம்பல் நிறம். சிகரத்தின் நுனியில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது வழிந்து இறங்கியது, பனித்திட்டு ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டது, ஐந்தாறு நிமிடத்தில் ரோஜா போய் ஆரஞ்சு, ஆரஞ்சு போய் மஞ்சள். புல்வெளிக்கு வெளிச்சம் வந்து சேர்வதற்குள் மலை சாதாரண மலையாகிவிட்டது. மகளை எழுப்ப மறந்துவிட்டேன். மறுநாள் அவளே எனக்கு முன்னால் எழுந்து ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். எத்தனை டாலர் கொடுத்தாலும் ஜாக்சன் ஹோட்டல் அறையில் இது கிடைக்காது, ஊரிலிருந்து பார்த்தால் கிராண்ட் டீட்டன் சிகரம் பக்கத்துக் குன்றுகளின் மறைவில் போய்விடுகிறது.

பாதை பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். ஜாக்சனிலிருந்து அடிவாரம் அரை மணி நேரம், அதுவரை பிரச்சினை இல்லை. வழியில் மார்மன் ரோ மரக்களஞ்சியங்கள் வரும், காட்டெருமைக் கூட்டம் குறுக்கே நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மேலே ஏறும் மண் பாதை குறுகல், மழைநீர் அரித்த பள்ளங்கள் நிறைய, எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். தரையிலிருந்து கொஞ்சம் உயரமான வண்டி இருந்தால் நிம்மதி. செடான் கார்களும் முதல் சில வளைவுகள் வரை ஏறியிருந்தன, அதற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. டிரெய்லர் இழுத்துக்கொண்டு மேலே போகவே கூடாது, திருப்ப இடம் கிடையாது. மழை பெய்தால் கதையே மாறிவிடும். இரண்டாம் நாள் மத்தியானம் இடியோடு இருபது நிமிட மழை, மண் சோப்புப் போட்டது போல ஆகிவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருந்தும் இறங்காமல் மூன்று மணி நேரம் காயவிட்டோம். இன்னொன்று, வாடகைக் கார் எடுத்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மண் பாதையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

மேப் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது: ஆப்பில் இருக்கும் புள்ளியை நம்பிக் கிளம்பாதீர்கள். வனத்துறையே எந்தச் சாலையில் வண்டி போகலாம், எந்தெந்த மாதங்களில் போகலாம் என்று மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது. அவென்ஸா என்ற மேப் ஆப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். அதைவிட நல்லது, அந்தப் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன். இரண்டாம் பயணத்துக்கு முன்னால் நான் பேசினேன், எடுத்த பெண்மணி பத்து நிமிடம் பொறுமையாகப் பேசினார், எது நிரம்பும், எது கொஞ்சம் காலியாக இருக்கும், நெருப்புத் தடை வர வாய்ப்பு உண்டா என்று எல்லாமே சொன்னார். ஷேடோ மவுண்டன் நிரம்பிவிட்டால் அப்பர் டீட்டன் வியூ, கர்டிஸ் கேன்யன் என்று இரண்டு மாற்று இடங்களையும் அவர்தான் கொடுத்தார்.

இங்கே 14 நாள் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மே 1 முதல் லேபர் டே வரை, அதாவது செப்டம்பர் முதல் திங்கள் வரை, ஜாக்சனைச் சுற்றியுள்ள இந்தக் குறித்த இடங்களில் ஐந்து நாள்தான். ஜாக்சனில் வீட்டு வாடகை எட்டாத உயரத்தில் இருப்பதால் சீசனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் காட்டிலேயே குடியிருக்கும் நிலை அங்கே உண்டு. அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் ஆள் மாறி மாறி வந்தால்தான் எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்பதும் சரிதான். இதையெல்லாம் கவனிக்கத் தன்னார்வலர்கள் வண்டியில் வந்து போகிறார்கள். எங்களிடம் ஒரு பெரியவர் எந்த நாள் வந்தீர்கள் என்று கேட்டார், உணவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு நேரில் பார்த்தார், நெருப்பு வளையத்தில் கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அதிகாரம் செய்யவில்லை, சொந்த வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவர் போல இருந்தார்.

உணவு என்றதும் கரடிக்கு வந்துவிடலாம், இதை நான் நீட்டித்தான் எழுதுவேன். இது கிரிஸ்லி கரடிகள் வாழும் நாடு, கருங்கரடியும் உண்டு. உணவு, சமைத்த பாத்திரம், குப்பை, டூத்பேஸ்ட், சோப்பு, லிப் பாம், வாசனை உள்ள எதுவாக இருந்தாலும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள், அல்லது கரடி திறக்க முடியாத பெட்டிக்குள் இருக்க வேண்டும். இது அங்கே ஆலோசனை இல்லை, ஆணை, மீறினால் அபராதம். நம் வீட்டுச் சமையலில் வாசனை அதிகம் என்பதால் நாங்கள் கூடுதலாக ஒன்று செய்தோம்: சமையலைக் கூடாரத்திலிருந்து நல்ல தூரம் தள்ளி, காருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டோம், சமைத்த சட்டையோடு தூங்கப் போகவில்லை, அந்தச் சட்டையும் காருக்குள்தான். சாம்பார்ப் பொடி டப்பாவை ஒரு தடவை மனைவி கூடாரப் பையில் மறந்து வைத்துவிட்டாள், படுத்த பிறகு நினைவு வந்து இருவரும் டார்ச்சோடு எழுந்து போய் காரில் வைத்துவிட்டு வந்தோம்.

இவ்வளவு எதற்கு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 399 என்ற எண்ணால் அறியப்பட்ட பெண் கிரிஸ்லி இந்தப் பள்ளத்தாக்கில்தான் வாழ்ந்தது. 2020ல் அது நான்கு குட்டிகளோடு குகையிலிருந்து வெளியே வந்ததைப் பார்க்க எத்தனையோ பேர் சாலையோரம் திரண்டார்கள். அந்த நான்கில் ஒன்று தனியாகப் பிரிந்த பிறகு மனிதர்களின் உணவுக்குப் பழகிப்போய் வீடுகளை நெருங்க ஆரம்பித்தது, 2022ல் அதைக் கொன்றுவிட்டார்கள். தாய்க்கரடி 399ம் 2024 அக்டோபரில் ஜாக்சனுக்குத் தெற்கே வண்டி மோதி இறந்துபோனது, 28 வயது. யாரோ மூடாமல் விட்ட ஒரு கூலர் பெட்டி கரடிக்கு மரண தண்டனையாக முடிகிறது. எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி இருந்தவர்கள் தாங்கள் கொண்டுவந்த மேஜை மேல் பிரெட், சிப்ஸ், வெண்ணெய் எல்லாம் பரப்பி வைத்துவிட்டு நடக்கப் போய்விட்டார்கள். நான் காத்திருந்து, திரும்பி வந்ததும் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை, இது தெரியாது என்றார்கள். சொல்லத் தயங்காதீர்கள்.

கரடி ஸ்ப்ரே, அதாவது கரடி நெருங்கி வந்தால் அதன் முகத்தை நோக்கி அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான், ஆளுக்கு ஒன்று, பையின் உள்ளே அல்ல, இடுப்பில். விமானத்தில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கைப்பை, பெட்டி இரண்டிலுமே ஸ்ப்ரே கொண்டுவர அனுமதி இல்லை, அடுப்புக்கான கேஸ் குப்பிக்கும் அப்படியே. இரண்டையும் ஜாக்சனில் வாங்கிக்கொள்ளலாம். பார்க்குக்குள் கரடி, ஓநாய் என்றால் 100 கெஜம், மற்ற விலங்குகளிடமிருந்து 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. காட்டெருமை மாடு மாதிரி அமைதியாகத் தெரிகிறது என்று பக்கத்தில் போகாதீர்கள்.

கழிவறை விஷயம் கூச்சமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும், குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தண்ணீர் ஓடும் இடம், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, அதாவது பெரியவர் நடையில் சுமார் 70 தப்படி, 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் மூடிவிட வேண்டும். பேப்பரைப் புதைக்கக் கூடாது, ஜிப் பையில் போட்டு எடுத்துவர வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகிய நமக்கு இது உண்மையில் எளிது, ஒரு பாட்டில் போதும், பேப்பர் குப்பையே சேராது. ஆனால் ஷேடோ மவுண்டன் மாதிரி கூட்டம் வருகிற இடத்தில் எல்லோரும் குழி தோண்டினால் மண் தாங்காது. மூன்றாம் நாள் எங்கள் இடத்துக்குப் பின்னால் புதர்ப் பக்கம் போனபோது வெள்ளை வெள்ளையாகப் பேப்பர் கிடந்ததைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. நாங்கள் கழிவைக் கெட்டியாக்கும் தூள் போட்ட பைகளையும், ஒரு மூடி வைத்த வாளியையும், சின்னதாக நிற்கும் மறைப்புக் கூடாரம் ஒன்றையும் கொண்டுபோயிருந்தோம். மகளுக்கும் மனைவிக்கும் அதுதான் பயணத்தையே நிம்மதியாக்கியது. காசு செலவழிக்க ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள்.

தண்ணீர் மூன்று பேருக்கு நான்கு நாளுக்கு 20 காலன் எடுத்துப்போனோம், மூன்று காலன் மிஞ்சியது. சமையலில் ஒரு கஷ்டம், அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. சாதாரணப் பாத்திரத்தில் வைத்த அரிசி அரை மணி நேரம் கொதித்தும் நடுவில் நறுக்கென்றது. அடுத்த நாளிலிருந்து இரண்டு லிட்டர் குக்கரில் வைத்தோம், பிரச்சினை தீர்ந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கைகளைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் தள்ளிப்போய் வீசித் தெளித்தோம். ஒரே இடத்தில் கொட்டினால் அந்த மண் வாசம் பிடித்து மறுபடியும் கரடிக்கு அழைப்பாகிவிடும்.

நெருப்பு நாங்கள் ஒரே ஒரு ராத்திரிதான் போட்டோம். கோடை முற்றினால் ஸ்டேஜ் 1 தடை வரும், அப்போது கேம்ப்கிரவுண்டில் இருப்பவர்கள் நெருப்பு போடலாம், நம்மைப் போல டிஸ்பர்ஸ்டு இடத்தில் இருப்பவர்கள் போடக் கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். அநியாயமாகத் தோன்றும், ஆனால் தண்ணீர்க் குழாயும் நிரந்தரக் கண்காணிப்பும் இல்லாத இடம் என்பதால் காரணம் புரிகிறது. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, வெறுங்கையால் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டரைக் காலன் செலவானது, மேலே குளிர்ந்த பிறகும் ஒரு முழம் தள்ளி மண்ணுக்கடியில் ஒரு கரித்துண்டு சிவப்பாக இருந்தது.

குளிருக்கு நல்ல தூக்கப்பை வேண்டும், ஜூலையிலும் விடியற்காலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்குகிறது. சத்தம் பற்றிச் சொன்னால், செவ்வாய், புதன் அமைதி. வெள்ளிக்கிழமை ராத்திரி மேல் வளைவில் ஒரு கூட்டம் ஜெனரேட்டரும் பாட்டுமாக 1 மணி வரை. ராத்திரியில் கண்டிக்க யாரும் இல்லாத இடம், அது ஒரு குறைதான். போன் சிக்னல் எங்களுக்கு இரண்டு கோடு வந்தது. பார்க்குக்குள் போக தனியாகக் கட்டணம் உண்டு, நாங்கள் போனபோது வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும் என்று இருந்தது, தங்குவது இலவசம் என்றால் பார்க்கும் இலவசம் என்று அர்த்தமில்லை.

மற்ற மலைப் பார்க்குகள் பக்கம் போனதையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். யோசமிட்டிக்கு மேற்கே ஸ்டானிஸ்லாஸ் ஃபாரஸ்டில் ஹார்டின் ஃப்ளாட் ரோடு பக்கம் இடம் எளிதாகக் கிடைத்தது, நிழல் உண்டு, காட்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தூங்கி எழுந்து பார்க்குக்கு ஓடுவதற்கு நல்லது. கலிஃபோர்னியாவில் கேஸ் அடுப்பு பற்றவைக்கவே கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும், இலவசம்தான், இணையத்தில் சின்னத் தேர்வு எழுதி எடுக்கலாம். கிளேசியருக்குத் தெற்கே ஹங்ரி ஹார்ஸ் ஏரியின் கரைச் சாலைகள் எனக்கு ரொம்பப் பிடித்தது, தண்ணீர் பக்கத்தில், கூட்டம் குறைவு, ஆனால் பார்க் வாசலுக்குத் தினமும் போய்வர மண் சாலையில் நேரம் போகிறது. ராக்கி மவுண்டன் பார்க் பக்கம் மட்டும் இனி இதற்காகப் போக மாட்டேன், வார இறுதியில் டென்வர் நகரமே அங்கே வந்துவிடுகிறது.

சின்னக் கைக்குழந்தை இருக்கிறவர்கள், முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், முதல் தடவையாகக் கூடாரத்தில் தூங்கப் போகிறவர்கள், இவர்களுக்கு ஷேடோ மவுண்டனை நான் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து ஒரு கேம்ப்கிரவுண்டில் இரண்டு ராத்திரி பழகிவிட்டு வாருங்கள். காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றாலும் வேண்டாம், வாளி, பை, கரடி ஸ்ப்ரே, தண்ணீர் கேன் என்று முதல் பயணத்துக்கு எங்களுக்கு 200 டாலருக்கு மேல் ஆனது. விடியலில் அந்த மலைக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறதா, இத்தனை வேலையையும் ஒழுங்காகச் செய்ய மனசு இருக்கிறதா, அப்படியானால் தயங்காமல் வாருங்கள், டீட்டன் பக்கத்தில் இதற்கு நிகரான இடம் நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது மகள் ஒரு கையுறையைப் போட்டுக்கொண்டு நெருப்பு வளையத்தைக் கிளறிப் பார்த்தாள். எங்களுக்கு முன்னால் யாரோ போட்ட அலுமினியத் தாள், பாட்டில் மூடி, உருகிய பிளாஸ்டிக் கட்டி ஒன்று, எல்லாம் சேர்ந்து அரைப் பை தேறியது, எங்கள் குப்பையோடு கட்டி வைத்தோம். கடைசி முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய வேன் மெதுவாக வந்து நின்றது. வயதான கணவன் மனைவி, கிளம்புகிறீர்களா என்று கேட்டார்கள். மிச்சமிருந்த மூன்று காலன் தண்ணீரை அவர்களுக்கே கொடுத்துவிட்டு, எந்தப் பக்கம் கூடாரம் போட்டால் விடியற்காலையில் மலை நேராகத் தெரியும் என்று காட்டிவிட்டு இறங்கினோம்.